அப்பாவின் ஒரே ஞாயிற்றுக்கிழமை

போன வாரம் தேக்காவில் பசியாறும்போது நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். சிங்கப்பூரின் இளம் மருத்துவர்களுக்கு நலவாழ்வுப் பட்டறை நடத்துகிறார்களாம். ஓய்வு பெற்ற நாமும் வந்து நாலு வார்த்தை பேச வேண்டுமாம். "நாம ரெண்டு நாள் சேர்ந்தாப்புல வார்டுல நின்னோம், நமக்கு யாரு லா பட்டறை வச்சா?" என்று நம்மில் ஒருவர் கேட்டார். தோசை வந்து சேரும்வரை அதே பேச்சுதான். என்னுடையது பொய்ச் சிரிப்பு. எனக்கு அந்தப் பிள்ளைகள் மேல் பொறாமை. நேரில் சொல்ல வெட்கமாக இருந்ததால் எழுதுகிறேன்.

என் மகன் பொங்கோலில் கிளினிக் வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அவன் திறப்பதில்லை. போன மாதம் இருமல் என்று கூப்பிட்டேன். "அம்மா, இன்னிக்கு சண்டே. வெந்நி குடிச்சிட்டுப் படுங்க, நாளைக்குக் காலையில நானே வரேன்" என்றான். போனுக்குப் பின்னால் என் பேத்தி சைக்கிள் மணியை அடித்துக்கொண்டிருந்தாள். அப்பாவும் மகளுமாக ஆற்றோரம் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அந்த மணிச் சத்தத்தைக் கேட்டு எனக்கு வயிறு எரிந்தது. சொந்தப் பேத்தி மேல் ஒருத்திக்கு வயிறு எரியுமா என்று கேட்காதீர்கள். எரிந்தது.

இந்த எரிச்சல் எனக்குப் பத்து வயதில் தொடங்கியது. அந்த வருட டிசம்பர் பள்ளி விடுமுறையில்.

ஜாலான் புசாரை ஒட்டிய ஒரு சந்தில் எங்கள் கடைவீடு. கீழே அப்பாவின் கிளினிக், மேலே நாங்கள். பக்கத்துக் கடையில் ஆணியும் சங்கிலியும் விற்றார்கள், எதிரே சாப்பாட்டுக் கடை. காலையில் கிளினிக்கின் ஸ்பிரிட் வாசனை மாடி ஏறும், பதினோரு மணிக்கு மேல் எதிர்க்கடையின் ஆட்டுக்கால் சூப் வாசனை அதை விரட்டிவிடும். மருந்து கொடுக்கும் அக்கா பெரிய ஜாடியிலிருந்து சிவப்பு மிக்ஸரைப் புட்டிகளில் ஊற்றுவார். ஒரு வேளைக்கு எவ்வளவு என்று காட்ட, ஓரத்தில் பல் பல்லாக வெட்டிய காகிதத்தைப் புட்டியில் ஒட்ட வேண்டும். அந்தக் காகிதம் வெட்டுவது என் வேலை. அந்தப் புட்டியும் இல்லை, காகிதமும் இல்லை. இப்போது நம் பேரப்பிள்ளைகளிடம் சொன்னால் கதை விடுகிறோம் என்பார்கள்.

அப்பாவுக்கு இரண்டு குரல்கள் இருந்தன. கீழ்க்குரல் ஒன்று, மேல்குரல் ஒன்று. "என்னம்மா, எங்க வலிக்குது, மெதுவா சொல்லு" என்பது கீழ்க்குரல். மாடி ஏறி வரும்போது அது தீர்ந்து போயிருக்கும். மேல்குரலில் "உம்", "சாப்பிட்டியா", "அப்புறம் பாக்கலாம்" என்ற மூன்றுதான் உண்டு. சோற்றைப் பிசைந்த கையோடு தூங்கிப்போவார். அம்மா தட்டை மெதுவாக உருவி எடுப்பார்.

கீழ்க்குரல் எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஒட்டுக் கேட்டேன். பழைய கடைவீடுகளில் மாடியின் பலகைத் தரையில் ஒரு சிறிய சதுரத்தை வெட்டி மூடி போட்டு வைத்திருப்பார்கள். கீழே கதவைத் தட்டுவது யார் என்று மேலிருந்தே குனிந்து பார்ப்பதற்கு. கிளினிக்குக்காக முன்கூடத்தைத் தடுத்தபோது, அந்த ஓட்டை அப்பாவின் அறைக்கு நேர் மேலே வந்துவிட்டது. நோயாளி அறைக்கு மேலே இப்படி ஒரு கண் இருக்கக் கூடாது என்று அம்மா அதன்மேல் பாயைப் போட்டு மூடியிருந்தார். மத்தியானம் அம்மா கண்ணயர்ந்ததும் நான் பாயை விலக்கிக் குப்புறப் படுத்துக்கொள்வேன். அப்பாவின் உச்சந்தலை வழுக்கையை எனக்குத் தெரிந்த அளவுக்கு அவர் முகம் தெரியாது.

அந்த விடுமுறையில் கட்டுக்காரி வந்தாள். நான் வைத்த பெயர்தான். எதிர்ச் சாப்பாட்டுக் கடைக்காரரின் மகள், என் வயது. கொதிக்கிற சூப் கால்மேல் கொட்டி, பாதம் முழுக்க வெந்துவிட்டது. தினமும் நாலு மணிக்கு அவள் அண்ணன் உப்புமூட்டை தூக்கிக்கொண்டு வருவான். அப்பா பழைய கட்டைப் பிரித்து, கழுவி, மஞ்சள் மருந்துத் துணி வைத்துப் புதுக் கட்டுப் போட அரை மணி நேரம் ஆகும். வெளியே ஐம்பது பேர் காத்திருந்தாலும் அந்த அரை மணி நேரம் அவளுடையது.

கட்டைப் பிரிக்கும்போது அவள் வீரிட்டு அழுவாள். அழுகையை நிறுத்த அப்பா ஒரு கதையை ஆரம்பித்தார்.

தேக்கா பக்கத்து மாட்டுக் கொட்டகையிலிருந்து ஓர் எருமை தப்பிக்கிறது. ஒளிய இடம் தேடி நடந்து நடந்து, தோ பாயோவில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடிக்குள் புகுந்து லிஃப்டில் ஏறிவிடுகிறது. பத்தாவது மாடியில் ஒரு சீனப் பாட்டி அதற்குத் தன் படுக்கையறையைக் கொடுக்கிறார். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். மின்விசிறிச் சத்தத்தில் பாதி எனக்குக் கேட்காது. கட்டுக்காரி கண்ணில் நீர் வழிய, "அப்பறம் டாக்டர்? லிஃப்ட் கெட்டுப்போச்சே, எரும எப்படி எறங்கும்?" என்பாள்.

என் அப்பாவுக்குக் கதை சொல்லத் தெரியும் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மேலே கிடந்து பல்லைக் கடித்தேன். எனக்கு ஏன் யாரும் கொதிக்கிற சூப்பைக் கொட்டவில்லை என்றுகூட நினைத்தேன். ஒருநாள் குசினியில் அடுப்பின்மேல் இருந்த கெட்டிலுக்குப் பக்கத்தில் என் பாதத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். தைரியம் வரவில்லை.

அந்த மாதம் அம்மா ஒரு சண்டை போட்டார். அப்பாவுக்கு ஞாயிறும் வேலைநாள்தான். "வாரத்துல ஒரு நாள் வீட்டுல ஆம்பள இருந்தா கிளினிக் இடிஞ்சா விழுந்திடும்? இந்தப் புள்ளைக்கு அப்பா முகம் மறந்திடும்ங்க" என்றார். என்ன அதிசயமோ, அப்பா சம்மதித்துவிட்டார். பெயர்ப்பலகை எழுதுகிறவர் வந்து ஏணி போட்டு, பலகையின் அடியில் 'ஞாயிறு விடுமுறை' என்று சிவப்பில் எழுதினார். நான் கடைவாசல் நடைபாதையான அஞ்சடியில் நின்று ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தேன். அவ்வளவு அழகான எழுத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. முதல் ஞாயிறு சாங்கி கடற்கரை என்று முடிவாயிற்று.

சனிக்கிழமை நாலு மணி. ஓட்டையில் கண்ணை வைத்திருந்தேன். கட்டுப் போட்டு முடித்துவிட்டு அப்பா அவளிடம் சொன்னார். "நாளைக்கு ஒரு நாள் டாக்டருக்கு லீவும்மா. கோவிச்சுக்காத. கால நனைக்காம பாத்துக்க, திங்கக்கிழமை வந்திடு. எருமைய அதுவரைக்கும் கட்டிப் போட்டு வச்சிருக்கேன்."

என்னோடு வர அவளிடம் அனுமதி கேட்கிறார். எனக்கு அப்படித்தான் கேட்டது.

படியில் தடதடவென்று இறங்கினேன். அவளை இறக்கிவிட்ட கையோடு கடை வேலைக்குப் போன அண்ணன் இன்னும் திரும்பவில்லை. மருந்து கொடுக்கும் அக்கா அவளை அஞ்சடியில் முக்காலியில் உட்கார வைத்திருந்தார். "அப்பா சொல்லச் சொன்னாங்க. திங்க இல்ல, புதன்கெழமதான் வரணும். அதுவரைக்கும் கிளினிக் இல்ல" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி" என்றாள். அவ்வளவுதான். அவள் வராவிட்டால் நாலு மணிக்கு அந்த அரை மணி நேரம் காலியாக இருக்கும், காலியாக இருந்தால் எனக்கு வரும் என்று கணக்குப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பழைய காரில் சாங்கி போனோம். அம்மா புளிச்சோறும் அவித்த முட்டையும் கொண்டுவந்தார். அப்பா மரத்தடியில் பாயை விரித்து உட்கார்ந்தார், சாய்ந்தார், தூங்கிப்போனார். வாயைத் திறந்துகொண்டு, ஒரு கால் மணலில் கிடக்க, அப்படி ஒரு தூக்கம். நான் குளித்தேன், சிப்பி பொறுக்கினேன், அவர் காலில் ஏறிய எறும்பைத் தட்டினேன். வெயில் சாயத் தொடங்கியது. என் ஞாயிற்றுக்கிழமை கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. தோளைப் பிடித்து உலுக்கி எழுப்பினேன்.

"அப்பா, எருமைக் கதை சொல்லுங்கப்பா."

எனக்கு எப்படி அது தெரியும் என்றுகூட அவர் கேட்கவில்லை. கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. "அது வலிக்கிறவங்களுக்குச் சொல்ற கதைடா. உனக்குத்தான் ஒண்ணும் வலிக்கலையே" என்று மேல்குரலில் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார். அம்மா என் கையைப் பிடித்து இழுத்து, "தூங்கட்டும் விடு. எத்தன நாள் தூக்கமோ" என்றார். எனக்குத் தூக்கத்தின் மேலும் பொறாமையாக இருந்தது.

திங்கள் நாலு மணிக்கு அப்பா அக்காவிடம், "அந்தப் புள்ள வரலையா?" என்றார். செவ்வாயும் கேட்டார். மழைக்காலம், காய்ச்சல்காரர்கள் வாசல்வரை நின்றார்கள். தெருவைக் கடந்து போய்ப் பார்க்க அவருக்கு நேரமில்லை. அந்த நாலு மணி எனக்கும் வரவில்லை, வேறு யாரோ மூன்று பேர் எடுத்துக்கொண்டார்கள்.

புதன்கிழமை அவளைத் தூக்கி வந்தது அண்ணன் இல்லை, அவள் வாப்பா. உடம்பு அனலாகக் கொதித்தது. மழைத்தண்ணீர் பட்டு ஊறிய கட்டைப் பிரித்ததும் எழுந்த வாடை மாடிவரை வந்தது. அவள் அழவே இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

"ஏன் திங்கக்கிழமை கூட்டிட்டு வரல?" என்று அப்பா கத்தினார். கீழே அவர் கத்தி நான் கேட்டதில்லை.

"நீங்கதானே டாக்டர் புதங்கெழம வரச் சொன்னீங்க? புள்ள அப்படித்தானே சொல்லிச்சு."

அப்பா கட்டுக்காரியைப் பார்த்தார். அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். மேலே நான் ஓட்டையில் கண்ணை வைத்துக் கிடந்தேன். 'என் மகளா சொன்னாள்' என்று அவர் நிமிர்ந்து பார்க்கப் போகிறார் என்று காத்திருந்தேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நானா புதன்னு சொன்னேன்?" என்றார். பழைய கட்டைத் தட்டில் போட்டுவிட்டு, "சொல்லியிருப்பேன். லீவு போற நெனப்புல வாய் தவறியிருக்கும்" என்றார்.

நீங்கள் டாக்டர்கள், உங்களுக்குப் புரியும். ஒரு நாளைக்கு நூறு பேரிடம் பேசுகிறவனுக்குத் தன் வாயின்மேல் நம்பிக்கை இருக்காது. களைத்துப்போனவனிடம் நீ தவறு செய்தாய் என்று சொன்னால் போதும், தேதி, மணி, சாட்சி எல்லாவற்றையும் அவனே சேர்த்துக்கொள்வான்.

காத்திருந்தவர்களை அப்படியே விட்டுவிட்டு, அவளைத் தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். கால் பிழைத்தது. இரண்டு வாரம் வார்டில் இருந்தாள். தினமும் போய்ப் பார்த்தார். திரும்பி வந்தபின் இன்னும் ஒரு மாதம் கட்டு, ஒரு மாதம் கதை. அவளை விரட்டப் போய், என் அப்பாவை நானே அவளுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டேன்.

அதே வாரம் பலகைக்காரர் மறுபடி ஏணி போட்டார். சிவப்பு எழுத்தின்மேல் மஞ்சள் பெயிண்ட். பழைய மஞ்சளோடு அது ஒட்டவே இல்லை. மழை பெய்தால் உள்ளேயிருந்து 'ஞா' மட்டும் லேசாகத் தெரியும். அதற்குப் பிறகு அம்மா படத்துக்கும் கோவிலுக்கும் பக்கத்துக் கடைக்காரர் மனைவியோடு போனார், கடைசிவரை. அப்பா எண்பது வயதுவரை ஒரு ஞாயிறும் மூடவில்லை.

நான் சொல்லவில்லை. பத்து வயதில் அடிக்குப் பயந்து சொல்லவில்லை. இருபதில் வெட்கம். அப்புறம், சொல்லி என்ன ஆகப்போகிறது என்று. நான் ஏன் மருத்துவம் படித்தேன் என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் சேவை, கீவை என்று அளந்தேன். அப்பாவின் அந்த அறைக்குள் நுழைய எனக்கு வேறு வழி தெரியவில்லை, அவ்வளவுதான். நுழைந்த பிறகு என் மகனுக்கு நானும் மேல்குரலில்தான் பேசினேன்.

கடைசி இரண்டு வருடம் அப்பா என் வீட்டில்தான் இருந்தார். நினைவு கழன்றுவிட்டது. என்னை "சிஸ்டர்" என்று கூப்பிட்டார். கிளினிக் வைக்கும் முன் ஆஸ்பத்திரியில் அவரோடு வேலை பார்த்த தாதி யாரோ என்று என்னை நினைத்திருந்தார். தினமும் காலையில் சட்டை கேட்டு எழுந்து உட்காருவார். "இன்னிக்கு ஞாயித்துக்கெழமப்பா, படுங்க" என்று தெரியாமல் ஒருநாள் சொல்லிவிட்டேன். போர்வையை உதறிவிட்டுச் சட்டையைத் தேட ஆரம்பித்தார்.

"ஞாயித்துக்கெழமன்னா மூடிடலாமா? அந்தப் புள்ள கால் என்னாச்சு சிஸ்டர்?"

"ஆறிடுச்சுப்பா."

"நீ பாத்தியா?"

நான் பார்க்கவில்லை. உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். "நீங்க சொல்லலப்பா, நான்தான் பொய் சொன்னேன், புதன்னு." அவர் என் தோளுக்குமேல் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தன பேரு இருக்காங்க வெளியே?" என்றார். ஐம்பது வருடம் தாமதமாக வந்த நோயாளியைப் பார்க்க அவருக்கு நேரமில்லை.

அவளைக் கூட்டிவந்து காட்டினால் ஒருவேளை அடங்குவார் என்று எனக்குத் தெரியும். சாப்பாட்டுக் கடையை இப்போது அவள் அண்ணன் மகன் நடத்துகிறான், ஒரு வார்த்தை கேட்டால் போதும். நான் மூன்று மாதம் கேட்கவில்லை. காரணம் உங்களுக்கு ஊகிக்கத் தெரியும். என்னைத் தெரியாதவருக்கு அவளைத் தெரிந்துவிட்டால்?

ஒரு ஞாயிறு அவர் கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்து விழுந்தார். அன்றைக்கே கடைக்குப் போனேன்.

அடுத்த ஞாயிறு அவள் வந்தாள். முக்காடு போட்ட, கனத்த, மூச்சு வாங்குகிற பெண்மணி. கையில் ஆட்டுக்கால் சூப் தூக்கு. கூடத்தில் உட்கார வைத்து, மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். "அன்னிக்கு உங்ககிட்ட நான் பொய் சொன்னேன்."

"தெரியுமே" என்றாள்.

"தெரியுமா?"

"எதிர்க்கடையில இருந்துகிட்டு எனக்குத் தெரியாதா? திங்கக்கெழம காலையிலயே கிளினிக் தொறந்திருந்துச்சு. டாக்டர் காரு நின்னுச்சு. மாடி ஜன்னல்ல நீ நின்னதையும் பாத்தேன்." வாசலில் 'நீங்க' என்று ஆரம்பித்தவள் 'நீ'க்கு வந்துவிட்டாள்.

"அப்பறம் ஏன் வரல?"

அவள் தூக்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். "புண்ணு ஆறிக்கிட்டு வந்துச்சுல்ல. இன்னும் நாலு நாள்ல வர வேணாம்னு சொல்லிடுவாருன்னு பயம். ஆறிட்டா கத முடிஞ்சிடுமே. எங்க வாப்பா காலையிலேர்ந்து அடுப்படியில நிப்பாரு, எங்கிட்ட பேசவே நேரமிருக்காது. நீ வராதேன்னதும் எனக்குச் சந்தோஷமாப் போச்சு. மழையில வேணும்னே கால நீட்டுனேன். வாப்பா கேட்டப்ப டாக்டர்தான் சொன்னாருன்னேன்."

எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. ஐம்பது வருடமாக எனக்கென்று நான் வைத்திருந்த ஒன்றே ஒன்று அந்தப் பொய். அதிலும் பாதி இவளுடையது.

"எருமை கடைசியில இறங்குச்சா?" என்று கேட்டேன்.

"எங்க? கட்டுப் பிரிச்ச அன்னிக்கு, மிச்சம் அடுத்த தடவன்னாரு. அடுத்த தடவ எனக்கு ஒரு சிராய்ப்புகூட வரல, பாரேன்."

சந்தோஷப்பட்டேன். ஒளிக்காமல் சொல்கிறேன், அவளுக்கும் முடிவு தெரியாது என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

உள்ளே கூட்டிப்போனேன். அப்பா சட்டைப் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார். முகத்தைப் பார்த்துத் தெரிந்திருக்க வழியில்லை. கட்டிலை நோக்கி அவள் நடந்தபோது அந்தக் கால் லேசாக இழுத்தது. அதைத்தான் பார்த்தார்.

"என்னம்மா, கால் எப்படி இருக்கு?"

கீழ்க்குரல். மின்விசிறிச் சத்தம் இல்லாமல், பலகை இடையில் இல்லாமல், ஒரே அறையில் நின்று அதை நான் கேட்டது அப்போதுதான். அது எனக்கு வந்த குரல் இல்லை.

"ஆறிடுச்சு டாக்டர்" என்றாள்.

"காட்டு."

அவள் முனகிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்து, பாதத்தைத் தூக்கிக் கட்டில் விளிம்பில் வைத்தாள். சுருங்கிப் பளபளத்த பழைய தழும்பு. அப்பா கண்ணாடியைக் கேட்டார், கொடுத்தேன். தழும்பின் ஓரத்தைச் சுற்றிப் பெருவிரலால் ஒவ்வோர் இடமாக அழுத்திப் பார்த்தார். "வலிக்குதா?" "இல்ல டாக்டர்." "இங்க?" "இல்ல."

"நல்லா ஆறியிருக்கு" என்றார். கண்ணாடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "சிஸ்டர், வெளியே யாராவது இருந்தா நாளைக்கு வரச் சொல்லிடுங்க. இன்னிக்கு மூடிடலாம்."

என்னால் தர முடியாத விடுமுறையை அவள் காலை நீட்டியே கொடுத்துவிட்டாள். எழுதும்போதும் வயிறு எரிகிறது. பட்டறைக்கு வந்து அந்தப் பிள்ளைகளிடம் நான் என்ன சொல்வேன் என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனை எடுக்காதீர்கள், உங்கள் அம்மா கூப்பிட்டாலும் எடுக்காதீர்கள் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அவள் தூக்கை வைத்துவிட்டுப் போன பிறகு நான் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்பா சாய்ந்த வாக்கில் தூங்கிப்போயிருந்தார். வாய் திறந்திருந்தது, ஒரு கால் போர்வைக்கு வெளியே கிடந்தது, சாங்கியில் கிடந்தது போலவே. எனக்குக் கேட்க வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. எருமை எப்படி இறங்கியது என்று.

இந்தத் தடவை நான் எழுப்பவில்லை.